சூப் கிச்சன் போட்டோ: சேவையா, ஷூட்டிங்கா?

சந்தேகத்தோமா:
நேற்று இந்த மன்றத்தின் இளையோர் பகுதியில் நம்ம இளையோர்செயலர் போட்ட படத்தைப் பார்த்தீர்களா? கத்தோலிக்க இளையோர் குழு, ஒரே நிற டி-ஷர்ட், ஏழைகளுக்கு இலவசமாக உணவு தரும் சூப் கிச்சனில் மேசைக்குப் பின்னால் வரிசையாக நின்று சிரிப்பு. கீழே எழுதியிருந்தது இது: "மத்தேயு 25-ஐ வாசிப்பவர்கள் பலர், வாழ்பவர்கள் நாங்கள். பத்து மறையுரையில் கிடைக்காதது இங்கே ஒரு சனிக்கிழமையில் கிடைக்கும்."

பசித்தவனுக்கு உணவு கொடு என்கிற அந்த அதிகாரத்தை வாழ்பவர்கள் நீங்கள். மற்றவர்கள் எல்லாம் சும்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறோம், அப்படித்தானே?

சரி என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் நிற்கும் பையன் கரண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். கரண்டி காலி. ஒரு சொட்டு சூப் இல்லை. பக்கத்தில் பாத்திரம் மூடியோடு இருக்கிறது. எதிரே கிண்ணம் ஏந்தி ஒருவரும் இல்லை. பசித்தவன் வருவதற்கு முன்பே அவனுக்குப் பரிமாறி முடித்துவிட்டார்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று அதே மத்தேயுவில் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறதே, உங்கள் பதிப்பில் அந்தப் பக்கம் கிழிந்துபோச்சா?

இளையோர்செயலர்:
தோமா அண்ணே, வணக்கம். நீங்க எங்களைப் பற்றி இழை திறக்காத மாதம் ஏதாவது உண்டா?

எதிரே ஆள் இல்லாததற்குக் காரணம் இருக்கு. அங்கே சாப்பிட வருகிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது, அது அந்த இடத்தின் விதி. அதனால்தான் கதவு திறப்பதற்கு முன்னாடியே எடுத்தோம். அவங்க முகத்தை மறைத்ததற்குப் பாராட்டு வேண்டாம், திட்டாமலாவது இருக்கலாம். ஆறாம் அதிகாரம் எங்களுக்கும் தெரியும். அதற்கு முந்தின அதிகாரத்தில் 16-ஆம் வசனம் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் ஒளி மனிதர் முன் ஒளிரட்டும், உங்கள் நற்செயல்களை அவர்கள் பார்க்கட்டும் என்று இருக்கு.

சந்தேகத்தோமா:
ஆக, கரண்டி காலி என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

இளையோர்செயலர்:
கதவே திறக்கலைன்னு சொல்றேன், கரண்டியில் எப்படி அண்ணே சூப் இருக்கும்?

சந்தேகத்தோமா:
அதைத்தான் நானும் சொல்கிறேன். காலி.

கடைசிபெஞ்ச்:
கரண்டிக்கு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்தாச்சு. அடுத்து மூடிக்கு சாட்சி விசாரணையா?

மார்த்தா_அடுப்படி:
நான் வேறொரு சூப் கிச்சனில் சமையல் பக்கம் நிற்பவள், அதனால் மூடியைப் பற்றி நானே சொல்கிறேன். சூப் 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருக ஆரம்பிக்கும். கடைசி நிமிடம் வரை மூடிதான் போட்டிருக்கணும். மூடி திறந்திருந்தால்தான் நான் சத்தம் போட்டிருப்பேன். தோமா சார் அடுப்பங்கரைப் பக்கம் வந்தவர் மாதிரி தெரியவில்லை.

தம்பி செயலர், உங்களுக்கும் ஒன்று இருக்கு. பரிமாறும் மேசைக்கு நாலு பேர் போதும். உங்கள் படத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் அந்த நேரம் யார் இருந்தார்கள்? எந்த இளையோர் குழு வந்தாலும் இதே கதைதான். எல்லாருக்கும் கரண்டி வேணும். வெங்காயம் உரிக்க, தரை துடைக்க, குப்பைத் தொட்டி கழுவ ஒரு கை வராது. போனைத் தொட்ட அதே கையுறையோடு ரொட்டியை எடுத்து நீட்டுவான். கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டு என்றால் முகம் சுருங்கிவிடும். கிறிஸ்மஸ் வாரத்தில் நிற்க இடம் இருக்காது, பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள், நானும் இன்னொரு அம்மாவும்தான்.

இளையோர்செயலர்:
அக்கா, எங்க பிள்ளைகள் பாத்திரமும் கழுவினாங்க. அதைப் படம் எடுக்கல.

சந்தேகத்தோமா:
கழுவியதைப் படம் எடுக்கவில்லை, காலிக் கரண்டியைப் படம் எடுத்தார்கள். குறித்துக்கொள்ளுங்கள். மார்த்தா அம்மா, மூடியை விட்டுவிடுகிறேன். ஆனால் கரண்டி பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பொறுமைசாலி:
ஒரு சின்ன வேண்டுகோள். "சேவை" என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமே? பசிக்கு உணவு தருவது ஒன்று, பசி ஏன் வந்தது என்று கேட்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் விவாதம் எங்கேயும் போகாது.

சந்தேகத்தோமா:
நான் எதையும் குழப்பவில்லை. கரண்டியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இத்தாலிய இளைஞர் பியர் ஜார்ஜியோ ஃபிரசாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1918-ல் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார், 1925-ல் 24 வயதில் இறந்தார். ஏழைகளுக்கு அவர் செய்தது எவ்வளவு என்று சொந்த வீட்டுக்கே சரியாகத் தெரியாது. அடக்கத்துக்கு வந்த ஏழைகளின் கூட்டத்தைப் பார்த்துத்தான் பெற்றோருக்குப் புரிந்தது. 2025 செப்டம்பர் 7-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. உங்கள் குழுவில் யார் செய்வது வீட்டுக்குத் தெரியாமல் இருக்கிறது? எல்லாருடைய அம்மாவும் அந்தப் படத்துக்கு ஹார்ட் போட்டிருக்கிறார்களே.

இளையோர்செயலர்:
ஃபிரசாத்தி மலையேறுகிற படம் உலகம் பூரா சுத்துது அண்ணே. வாயில் பைப் வைத்த படமும் இருக்கு. போட்டோ எடுத்தால் புனிதம் கெடும்னா அவர் கதையும் அன்றைக்கே முடிஞ்சிருக்கணும்.

சந்தேகத்தோமா:
மலையில் எடுத்தார். ஏழை வீட்டு வாசலில் எடுக்கவில்லை. அதுவும் அவர் நிஜமாகவே மலை ஏறினார்.

கடைசிபெஞ்ச்:
இது நல்லா இருக்கு, ஒரு பாயிண்ட் தோமாவுக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும், வின்சென்ட் தே பவுலே 1833-ல இளைஞர்களை வெச்சுத்தானே அந்த சபையை ஆரம்பிச்சார்? இளையோர்னா உங்களுக்கு ஏன் இவ்வளவு இளக்காரம்?

வரலாற்றுவாத்தியார்:
வின்சென்ட் இறந்தது 1660-ல். 1833-ல் பாரிஸில் தொடங்கியவர் ஃபிரெடெரிக் ஓசானாம். அப்போது அவருக்கு 20 வயது, கூட இருந்தவர்களும் பல்கலைக்கழக மாணவர்கள். வின்சென்ட் பெயரைப் பாதுகாவலராக வைத்தார்கள், அவ்வளவுதான். தொடங்கிய விதமும் கேட்கத் தக்கது. மாணவர்களின் விவாதக் கூட்டத்தில் திருச்சபையின் பெருமையை ஓசானாம் பேசப்போக, எதிரணி ஆள், அதெல்லாம் பழங்கதை, இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று மடக்கினான். பதில் சொல்ல முடியாமல்தான் ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரியிடம் வழி கேட்டு ஏழைகளின் வீடுகளுக்குப் போனார்கள்.

இளையோர்செயலர்:
வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. பாருங்க தோமா அண்ணே, விவாதத்தை விட்டு எழுந்து போனவன் பெயர்தான் நிலைச்சிருக்கு. உட்கார்ந்து கேள்வி கேட்டவன் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

சந்தேகத்தோமா:
அந்தக் கேள்வி இல்லாவிட்டால் உங்கள் ஓசானாம் இன்னும் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்திருப்பார். கேள்வி கேட்கிறவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் நான் செய்கிறேன், சம்பளம் இல்லாமல்.

வரலாற்றுவாத்தியார்:
இரண்டு பேரும் அயர்லாந்தை மறந்துவிட்டீர்கள். அங்கே உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, 1847 கோடையில், அரசாங்க சூப் கூடங்களில் ஒரே நாளில் சுமார் 30 லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் டப்ளினில் அலெக்சிஸ் ஸோயர் என்ற புகழ்பெற்ற சமையல்காரர் ஒரு மாதிரிக் கூடம் திறந்தார். மணி அடித்தால் நூறு பேர் உள்ளே போக வேண்டும், சில நிமிடத்தில் முடித்து வெளியே வர வேண்டும். கரண்டிகளைச் சங்கிலியால் மேசையோடு கட்டியிருந்தார்கள். திறப்பு நாளில் ஏழைகள் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்கக் கனவான்கள் காசு கொடுத்து வந்ததாக அன்றைய பத்திரிகைகள் எரிச்சலோடு எழுதின. இன்னொரு பக்கம், புராட்டஸ்டண்ட் குழுக்கள் சில, மதம் மாறினால் சூப் என்றன. மாறியவர்களின் குடும்பங்களைத் தலைமுறை தாண்டியும் ஊர் மன்னிக்கவில்லை. அன்று பாதிக்கப்பட்டவர்கள் கத்தோலிக்கர்கள். அதனால் சூப்பையும் நற்செய்தி அறிவிப்பையும் ஒரே வாக்கியத்தில் எழுதும்போது நமக்குக் கை கொஞ்சம் நடுங்க வேண்டும்.

இளையோர்செயலர்:
நாங்க யாரையும் மதம் மாறச் சொல்லல ஐயா. கதவு திறப்பதற்கு முன்னாடி எங்களுக்குள்ளே ஒரு சின்ன ஜெபம், அவ்வளவுதான். பெனடிக்ட் பாப்பரசரே 2005-ல் 'தேயுஸ் காரித்தாஸ் எஸ்ட்' சுற்றுமடலில் சொல்லியிருக்கார், அன்புப் பணியை ஆள் சேர்க்கிற வழியாகப் பயன்படுத்தக் கூடாதுன்னு. அதைப் பிள்ளைகளுக்குப் பாடமே எடுத்திருக்கோம்.

சந்தேகத்தோமா:
கதவு திறப்பதற்கு முன் ஜெபம், கதவு திறப்பதற்கு முன் போட்டோ. கதவு திறந்த பிறகு என்ன நடந்தது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

இன்னொன்று. இதில் எத்தனை பேர் உறுதிபூசுதல் என்ற அருளடையாளச் சடங்குக்கு மணிக்கணக்கு காட்ட வந்தவர்கள்? சில பங்குக் கோயில்களில் இத்தனை மணிநேரம் சேவை செய்தால்தான் அருளடையாளம் என்று தாள் கொடுத்துக் கையெழுத்து கேட்கிறார்கள். திருச்சபைச் சட்டம் 889-ஐ எடுத்துப் பாருங்கள். தகுந்த போதனை, சரியான மனநிலை, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் திறன். சூப் கிண்ணக் கணக்கு அதில் இல்லை.

மார்த்தா_அடுப்படி:
அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு எனக்கும் கை வலிக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் தாளுக்காக வந்த ஒரு பெண் இன்றைக்கும் வருகிறாள். உள்ளே வருகிறவர்களில் பல் இல்லாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு நடுப்பாகத்தை மட்டும் சூப்பில் போட்டுக் கொடுப்பாள். நான் சொல்லித் தரவில்லை. தாள் எப்போதோ நிரம்பிவிட்டது. சட்ட எண் சொல்கிறவர்கள் அதையும் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று சொல்லுங்கள். அப்படியே செவ்வாய்க்கிழமைக்கு யாராவது வருவீர்களா?

கடைசிபெஞ்ச்:
அக்கா கேட்டதுக்கு பதில் சொல்லாம எல்லாரும் நைசா நழுவுறாங்க பாருங்க. (நானும்தான். எனக்கு செவ்வாய் வேலை.)

சந்தேகத்தோமா:
ஒரு பெண்ணைக் காட்டி ஒரு குழுவையே காப்பாற்ற முடியாது. அந்தப் பெண் படம் போட்டாளா? இல்லை. "வாழ்பவர்கள் நாங்கள்" என்று எழுதினாளா? இல்லை. நீங்கள் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள், மார்த்தா அம்மா.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் உணவுப் பங்கீட்டுக்கு ஏழு பேரை ஏற்படுத்தினார்களே, அவர்கள் டி-ஷர்ட் அடித்தார்களா?

மார்த்தா_அடுப்படி:
நான் யார் பக்கத்துக்கும் சாட்சி சொல்லவில்லை. அந்த ஏழு பேரை எதற்கு ஏற்படுத்தினார்கள்? கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களுக்குப் பங்கு சரியாகப் போகவில்லை என்று முணுமுணுப்பு வந்தது. குறை சொன்னதும் வேலைக்கு ஆள் போட்டார்கள். இங்கே குறை மட்டும்தான் வருகிறது.

இளையோர்செயலர்:
அக்கா சரியா சொன்னீங்க. தோமா அண்ணனுக்கு சூப் பிரச்சினை இல்லை. போன தவக்காலத்தில் நோன்பு பற்றி ஒரு இழையில் எங்க குழுப் பிள்ளை ஒருத்தன் அவரைத் திருத்தினான். சாம்பல் புதனும் புனித வெள்ளியும் தவிர மற்ற நாட்களில் உண்ணாநோன்பு கட்டாயம் இல்லைன்னு சட்டத்தோட காட்டினான். அன்றையிலிருந்து நாங்க எது செய்தாலும் குத்தம்.

சந்தேகத்தோமா:
திருத்தவில்லை. நான் சொன்னதன் பாதியை வெட்டி ஒட்டினான். கட்டாயம் இல்லை என்பது எனக்கும் தெரியும், நல்லது என்றுதான் எழுதினேன். முழு இழையையும் இங்கே போடத் தயாரா?

இளையோர்செயலர்:
தயார். ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

பொறுமைசாலி:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும்...

கடைசிபெஞ்ச்:
பொறுமை அண்ணே, நோன்பு கச்சேரி இப்பத்தான் ஆரம்பிக்குது, உட்காருங்க.

வரலாற்றுவாத்தியார்:
நோன்பு என்று வந்துவிட்டால் வயது வரம்பையும் பேச வேண்டும். 18 நிறைந்ததிலிருந்து அறுபதாம் வயது தொடங்கும் வரை. தோமா அவர்கள் அந்த வரம்புக்குள் வருகிறாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

சந்தேகத்தோமா:
என் வயதை இங்கே இழுத்தவர் அயர்லாந்தோடு நின்றிருக்கலாம். செயலரே, ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். முழுசாகப் போடுங்கள். மேலே தேதி தெரிய வேண்டும், ஓரம் வெட்டக் கூடாது.