புதுப்பிப்பு: காலையில் "வயிறு வலிக்குது" என்று அழுத 4 வயது மகள்

பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் மகள் வயிற்றுவலி என்று அழுவதையும், மருத்துவர் கோளாறு ஏதுமில்லை என்றதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பதில்களில் வந்த, முகப் படங்களைக் காட்டி உணர்வுகளுக்குப் பெயர் சொல்ல வைக்கும் முறையை அவள் வெறும் பாடமாகவே எடுத்துக்கொண்டாள், பலனில்லை. கேள்வி கேட்காமல் அவளோடு சேர்ந்து எதையாவது கவனியுங்கள் என்று ஒரு பாட்டி எழுதியதே பலித்தது. வேலியோரத் தொட்டாற்சிணுங்கியை அவள் தொட்டதும், காம்படியில் நீரழுத்தம் குறைந்து இலைகள் மடங்கின, அவை மெல்ல விரியும்வரை இருவரும் குத்தவைத்துக் காத்திருந்தபோது, "இதுக்குப் பயமா?" என்றாள். அதற்குப் பயம் தெரியாது, உனக்கு எப்போது பயம் வரும் என்றேன். "மணி அடிச்சா."

இப்போது மணியடிக்கும் முன் ஆசிரியை அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். பத்து நாட்களாக வலி என்ற பேச்சில்லை. எதிர்பாராதது ஒன்று: நேற்று நான் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, "அம்மா, மடங்கிட்டியா?" என்று கேட்டு, விரியும்வரை பக்கத்திலேயே காத்திருந்தாள்.