பதற்றத்தைத் தடுக்கும் பயிற்சி: கணினியிலா, நேரிலா?

செங்காங் தாய்:
வணக்கம். என் மகள் தொடக்கநிலை 4இல் படிக்கிறாள். நோய் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் தேர்வு நெருங்கினால் வயிற்றுவலி வருகிறது, தூக்கம் கெடுகிறது. பதற்றத்தைச் சமாளிக்கும் பயிற்சியில் இப்போதே சேர்ப்பது நல்லது என்கிறார் பள்ளி ஆலோசகர். வாரம் ஒருமுறை நேரில் நடக்கும் குழு வகுப்பு உண்டு. வீட்டில் தானாகவே செய்யக்கூடிய கணினிப் பாடத்தொடரும் உண்டு. நானும் கணவரும் வீடு திரும்ப இரவாகிவிடுவதால் கணினியே எங்களுக்கு வசதி. அது நேர்வகுப்புக்கு ஈடாகுமா?

ஜூரோங் வாசகர்:
சகோதரி, இரண்டும் கற்பிப்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: எண்ணம், உணர்வு, செயல் ஆகியவை ஒன்றையொன்று எப்படித் தூண்டுகின்றன என்று காட்டி, அஞ்சுவதைச் சிறு சிறு படிகளாக எதிர்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறை. ஆஸ்திரேலியாவில் உருவான 'ஃபிரெண்ட்ஸ்' திட்டம் அதை வகுப்பறையில் செய்கிறது. அந்நாட்டின் 'மூட்ஜிம்' இணையத்தில் செய்கிறது.

நேரில் நடப்பதாலேயே பலன் உறுதி என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு 'ஃபிரெண்ட்ஸ்' நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. வெளியிலிருந்து வந்த சுகாதாரப் பணியாளர்கள் நடத்திய வகுப்புகளில் ஓராண்டுக்குப் பிறகு பதற்றம் குறைந்திருந்தது. அதே பாடத்தை ஆசிரியர்கள் நடத்தியபோது வழக்கமான வகுப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே நடத்துபவர் யார் என்று முதலில் கேளுங்கள்.

கணினிப் பக்கம் பேசப்படும் சான்றுகளில் பல பதின்ம வயதினரைப் பற்றியவை. 2012இல் நியூசிலாந்தில் 12 முதல் 19 வயதுவரையிலான 187 பேரிடம் சோதிக்கப்பட்ட 'ஸ்பார்க்ஸ்' கணினி விளையாட்டு, வழக்கமான ஆலோசனைக்குச் சளைக்கவில்லை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே மனச்சோர்வு அறிகுறிகளுடன் உதவி நாடி வந்தவர்கள். அந்த முடிவைத் தடுப்புப் பயிற்சிக்கு, அதுவும் பத்து வயதுச் சிறுமிக்கு, அப்படியே பொருத்துவது சரியாகாது.

முன்னாள் ஆலோசகர்:
பாடத்தை முடிக்காமல் விடுவதே கணினிப் பயிற்சியின் பெருங்குறை. 'மூட்ஜிம்' தளத்துக்குத் தாமாக வந்த இளையரைவிட, பள்ளி நேரத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் செய்தவர்கள் அதிகப் பகுதிகளை முடித்தார்கள். மேலும், அஞ்சுபவற்றைப் படிநிலையாக எழுதிப் பட்டியலிடத் திரை உதவும். ஆனால் அவற்றை நேரில் எதிர்கொள்ளப் பழக, உதாரணமாக உணவங்காடி நிலையத்தில் தனியாகப் போய் உணவு வாங்கும்படி அவளை அனுப்பிவிட்டு, சற்றுத் தள்ளி நிற்க ஒரு பெரியவர் வேண்டும். கணினியைத் தேர்ந்தெடுத்தால் வார இறுதியில் ஒருவர் கூடவே உட்காருங்கள். உட்கார முடியாது என்றால் குழு வகுப்பே மேல்.

பீஷான் தந்தை:
ஒரு மாற்றுக் கருத்து. குழு வகுப்பு பள்ளியிலேயே நடந்தால் யார் யார் போகிறார்கள் என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். என் மகன் அதற்காகவே மறுத்தான். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு செய்ய ஒப்புக்கொண்டான். மகளையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முன்னாள் ஆலோசகர்:
நியாயமான கருத்து. எதில் சேர்ந்தாலும், அவள் பள்ளிக்குப் போகவே மறுக்கும் நிலை வந்தால் அது தடுப்புப் பயிற்சிக்குரிய கட்டத்தைத் தாண்டியது. பள்ளி ஆலோசகர் வழியாக 'ரீச்' சமூக மனநலக் குழுவின் மதிப்பீட்டைக் கேளுங்கள்.

செங்காங் தாய்:
அனைவருக்கும் நன்றி. வகுப்பை நடத்துபவர் யார், எந்த இடத்தில் நடக்கிறது என்று நாளை ஆலோசகரிடம் கேட்கிறேன். அதற்கு முன் இன்றிரவே மகளிடம் பேசிப் பார்க்கிறேன்.