பழைய புடவையில் கைவைத்துப் பட்டது: உங்களுக்கும் உண்டா?

மன்னார்குடி மருமகள்:
போன பொங்கலுக்கு நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மாமியாரின் பழைய நீலப் புடவை ஒன்று, வழுவழுவென்று இருக்குமே, அந்த ரகம். வெட்டி, நாலாக மடித்து, ஓரத்தில் பூத்தையல் எல்லாம் போட்டு ஒரு ஜோடி கரித்துணி தைத்திருந்தேன். பார்த்தவர்கள் கடையில் வாங்கினதா என்றுகூடக் கேட்டார்கள். வாசலில் விறகடுப்பு, தீ பானையின் கழுத்துவரை நக்கிக்கொண்டிருந்தது. பொங்கியதும் "இறக்கு, இறக்கு" என்று எல்லாரும் கத்த, அந்தத் துணியோடு வெண்கலப் பானையைப் பிடித்துத் தூக்கினேன். கைக்குள் துணி நழுவுவது போல இருந்தது. நழுவவில்லை, உருகிக்கொண்டிருந்தது. கீழே வைத்துக் கையை எடுத்தால் துணி பானையோடு நின்றுவிட்டது. கொப்புளம் ஆறிவிட்டது, விடுங்கள். மாமியார் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்லா பொங்கிச்சில்ல?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். பானைக் கழுத்தில் ஒரு நீலப் பொட்டு இன்னும் இருக்கிறது.

குடந்தை ரிட்டயர்டு:
அம்மா, எனக்கு ஒருதரம் சட்டை ஓரம் பொசுங்கியதோடு சரி. ஆனால் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும். துணியை வெட்டும் முன் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பல் விரலில் தூளாகும். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம். பாலியெஸ்டர், நைலான் என்றால் சுருண்டு உருகி, ஆறினதும் கெட்டியாக ஒரு மணி போல் நிற்கும். மணி நின்றால் அந்தத் துணி அடுப்பங்கரைக்கு ஆகாது. பை தையுங்கள், கால்மிதி பின்னுங்கள். கரித்துணிக்குப் பழைய பருத்தி வேட்டிதான், நாலு மடிப்பு போதாது, எட்டு வேண்டும். ஈரத்துணியால் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிக்கவே கூடாது, சூடு சட்டென்று கைக்கு வந்துவிடும். கால்மிதி என்றதும் இன்னொன்று. துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, சடை மாதிரி பின்னி, வட்டமாகச் சுற்றித் தைக்கவேண்டும். வட்டம் தரையில் படியாமல் கிண்ணம் போல் எழும்பினால் நீங்கள் இழுத்துத் தைக்கிறீர்கள் என்று அர்த்தம், பிரித்துவிட்டுத் தளர்வாகத் தையுங்கள். பழைய பனியன் துணியிலும் நன்றாக வரும், ஓரம் நூல் நூலாகப் பிரியாது.

அய்யம்பேட்டை அக்கா:
ரிட்டயர்டு சார், அவர் கேட்டது அனுபவம், நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். அதிலும் பருத்தி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்கு எடுக்கலாம் என்கிற மாதிரி. சாயம் என்று ஒன்று இருக்கிறதே சார்?

சித்திரை வெயில், மொட்டைமாடி, கூழ் வடகம். எப்போதும் அப்பாவின் நைந்த வேட்டியில்தான் ஊற்றுவோம். அன்றைக்கு அது கிடைக்கவில்லை என்று அம்மாவின் பச்சைக் கைத்தறிச் சேலையை விரித்தேன். சுத்தமான பருத்தி, நீங்கள் நூல் உருவிக் கொளுத்தினாலும் பாஸ் ஆகியிருக்கும். சூடான கூழ் பட்டதும் சாயம் இறங்கியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மறுநாள் சேலையின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால் இரண்டு படி அரிசி வடகமும் பச்சை. அப்பா ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்து, "புதினா அரைச்சுப் போட்டியா?" என்றார். வெட்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உடனே வாயில் போடப் போனார். கையைத் தட்டிவிட்டேன். பெற்ற அப்பாவின் கையை. அவர் ஒன்றும் கேட்கவில்லை, குனிந்து அதைப் பொறுக்கினார்.

திருபுவனம் தறிவீடு:
பட்டுப் புடவையை வெட்டுகிறவர்களுக்கு: மடிப்பிலேயே பல வருஷம் கிடந்த புடவை மடிப்புக் கோட்டில்தான் முதலில் கிழியும். பாட்டியின் கூறைப்புடவைக் கரையில் என் மகளுக்கு வளையல் செய்தோம், பழைய பிளாஸ்டிக் வளையலில் பசை தடவிக் கரையைச் சுற்றி ஒட்டுவதுதான். ஆண்டுவிழா மேடையில் கையைத் தூக்கியதும் ஜரிகை பிரிந்து தொங்கியது. பிள்ளை ஆட்டத்தை நிறுத்தவில்லை. பாட்டி மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அது என் கல்யாணத்தன்னிக்கே பிரிஞ்சுது" என்றார். நெய்கிற வீட்டில் இதைக் கேட்க வேண்டுமா!

முள்ளியாற்றங்கரை:
எங்களுக்குத் துணியை எதுவாகவாவது மாற்றுவது பொழுதுபோக்காக வரவில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல். திருத்துறைப்பூண்டி பக்கம் ஓடு பறந்த வீடு எங்களுடையது. சில நாள் கழித்து எங்கிருந்தோ பழைய துணி மூட்டை மூட்டையாக வந்தது. நல்ல துணியும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் சித்தி பிரித்த மூட்டையில் ஒரு கம்பளிக் கோட்டு. வயலில் தண்ணீர், தென்னை அத்தனையும் சாய்ந்து கிடக்கிறது, அதற்கு நடுவில் சித்தி அதை மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டு நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பையில் கைவிட்டால் ஒரு மிட்டாய்க் காகிதம். அப்புறம் கோட்டின் இரண்டு கையையும் வெட்டி, அடியை மூடித் தைத்து, வாய்க்குச் சுருக்குக் கயிறு போட்டார். இப்போதும் சம்பா அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளிக்க விதை அதில்தான் போகிறது. தோளில் மாட்டினால் யாரோ ஒருத்தர் கை போட்ட மாதிரி தொங்கும்.

குடந்தை ரிட்டயர்டு:
சாயத்துக்கு: புதுத் துணியைக் கல் உப்பு போட்ட தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து

அய்யம்பேட்டை அக்கா:
சார், அது முப்பது வருஷச் சேலை.

மன்னார்குடி மருமகள்:
எல்லாரும் எழுதினதைப் படித்தேன், அந்தக் கோட்டு கண்ணிலேயே நிற்கிறது. சரி, இவ்வளவு சொன்னீர்களே, பானையில் இருக்கிற நீலப் பொட்டை எடுக்க யாரும் வழி சொல்லவில்லையே? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாயிற்று, அசையவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குப் போகும் சர்க்கரைப் பொங்கலை மாமியார் அந்தப் பானையில்தான் வைப்பார். ஊரே பார்க்கும்.