பாதாளச் சாக்கடை வராத தெருவில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

சைதாப்பேட்டையில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தோம். விடியற்காலையில் அடிபம்பில் தண்ணீர் அடிப்போம். முதல் பத்து அடிக்கு வெறும் காற்றுதான் வரும், அப்புறம் குடம் நிறையும். கழிவறையில் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

2014-இல் சொந்த வீடு கட்டிப் புறநகருக்கு வந்தோம். 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சியை 426 ஆக்கினார்களே, அப்படிச் சேர்ந்த பகுதி எங்களுடையது. வார்டு எண் உடனே கிடைத்துவிட்டது. சாக்கடைக் குழாயைத் தெருத் தெருவாகத் தோண்டித்தானே போட வேண்டும், அதற்குக் காத்திருந்தோம்.

வந்த வருடமே ஐப்பசி மழையில் விஷயம் புரிந்தது. நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் உறிஞ்சுகுழி தண்ணீரை வாங்காது, செப்டிக் டேங்க் விளிம்பு வரை நிற்கும். மாமியார் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். அது இறங்காமல் வட்டமாகச் சுழன்று மேலே ஏறி வந்ததைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கழிவுநீர் லாரிக்குப் போன் செய்தால், தெருவே போன் செய்திருக்கிறது. லாரி வர நான்கு நாள் ஆனது. அதுவரை அவர் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார். எழுபது வயது மனுஷிக்கு இந்த நிலை வரலாமா?

இன்னொன்று. எங்கள் டேங்கிலிருந்து தள்ளி இருக்கட்டும் என்று போர்வெல்லை மனையின் பின்மூலையில் போட்டோம். மதிலுக்கு அந்தப் பக்கம், எட்டடி தூரத்தில், பக்கத்து வீட்டு டேங்க். அவர்கள் போர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் டேங்க் பக்கம்.

2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது சென்னை முழுக்க லாரிக்காக நின்றது. நாங்கள் மழைக்காலத்திலும் நின்றவர்கள். பிறகு குடிநீர்க் குழாய் வந்தது, நிஜமாகவே சந்தோஷப்பட்டோம். ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீர் கூடினால் வெளியே போவதும் கூடத்தானே செய்யும்? டேங்க் முன்பைவிடச் சீக்கிரம் நிரம்ப ஆரம்பித்தது.

பதில் 1

அக்கா, நாங்கள் கோவை. இங்கே வாடகைக்கு வீடு தேடினால் முதல் கேள்வியே "சிறுவாணித் தண்ணி வருமா?" என்பதுதான். வருகிற வீட்டுக்காரர் அதைப் போர்டிலேயே எழுதி வைப்பார். நாங்கள் குடியிருந்த பக்கம் பத்து நாளைக்கு ஒரு முறைதான் குழாய் திறக்கும். டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் எட்டாம் நாள் கொசுப்புழு நெளியும். துணியில் வடிகட்டித்தான் பாத்திரம் கழுவுவேன். தங்கை வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அவள் வீடு ஆறே கிலோமீட்டர்தான்.

பதில் 2

என் சித்தப்பா ஒரு நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் இருந்தார். அவர் சொல்லித்தான் இது தெரியும்: மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேட்டில், பாதாளச் சாக்கடை உள்ள, அல்லது வரப்போகிற நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். குழாய் இருந்தும் சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்று இருந்தது. அதிகம் கொடுத்தால் கழிவுநீர் தெருவில் தேங்கும் என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் சாக்கடை போடாத ஊருக்குத் தண்ணீரும் பாதி என்றானது. இரண்டு பக்கமும் இழப்பு. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புற வீடுகளில் 32.7 சதவீதத்துக்குத்தான் சாக்கடை இணைப்பு, 38.2 சதவீதம் செப்டிக் டேங்க். மீதி வீடுகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

எங்கள் ஊர் அந்த 70 லிட்டர் வகை. சித்தப்பா கடைசித் தெருவின் வால்வைத் திறந்துவிட்டு, கூடவே பத்து நிமிடம் நிற்பார். மேட்டுத் தெருக் குழாயில் சத்தம் கேட்ட பிறகுதான் சைக்கிளை எடுப்பார்.