புதுப்பிப்பு: பிசுக்கேறிய பழைய கேசட் ஸ்டீரியோ இப்போது பாடுகிறது

முன்பு எழுதிய கோளாறுகள் மூன்று: உடம்பெல்லாம் பிசுக்கு, வால்யூம் திருகினால் கரகரப்பு, கேசட் சுற்றவில்லை. மூன்றும் தீர்ந்தன.

பிசுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, பழைய டூத்பிரஷ், அவ்வளவுதான். வெளிப்புறத்தில் ஆல்கஹால் வேண்டாம், அச்செழுத்து துணியோடு வந்துவிடும்.

கேசட் சுற்றாததற்குக் காரணம், மோட்டாரின் சுழற்சியைக் கேசட்டுக்குக் கடத்தும் பெல்ட். உருகி, தார் மாதிரி கப்பியில் அப்பியிருந்தது. நம்மூர் ஈரக்காற்று இதைச் சீக்கிரப்படுத்தும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைக்க வேண்டும். இருபது குச்சியாவது தீரும். (கையுறை போடுங்கள், அந்தக் கறுப்பு நகக்கண்ணில் புகுந்தால் லேசில் போகாது.) மிச்சம் இருந்தால் புது பெல்ட் வழுக்கி, பாட்டு அலையும். பெல்ட் ஓடும் பாதையை நூலால் அளந்து, அதைவிட 5 முதல் 7 சதவீதம் குறைந்த சுற்றளவில் வாங்குங்கள். அதிகம் இறுக்கினால் மோட்டார் திணறும்.

வேகம் பிசகினால், பெரும்பாலான மோட்டார்களின் பின்புறத் துளைக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கும். 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை டேப்பை ஓடவிட்டு, கைபேசி அலைவெண் செயலி 3000 காட்டும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் போதும்.

கரகரப்புக்கு, குமிழின் அடியிலுள்ள இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் (மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) இரண்டு பீய்ச்சு, பிறகு முப்பது தடவை முழுச்சுற்று. கதவுக்கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே உதவாது.

ஜப்பான் உள்நாட்டு மாடல் வாங்குவோர் கவனத்துக்கு: அது 100 வோல்ட். இங்கே 230 வோல்ட்டில் நேரே செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். பழைய மாடல்களில் பண்பலையும் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான், சிங்கப்பூர்த் தமிழ் வானொலியான ‘ஒலி 96.8’ எட்டாது.