புதுப்பிப்பு: சூடானால் ஸ்டார்ட் ஆகாத டீசல் எஞ்சின், உயர் அழுத்த ஆயில் பம்ப்

உதவிய எல்லோருக்கும் நன்றி. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் எஞ்சின் இது. குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகும், சூடானால் ஆகாது. அந்த அழுத்தத்தைத் தரும் பம்பைப் பிரித்து மாற்றியமைக்கலாமா என்று கேட்டிருந்தேன்.

சரியான வழி, "முதலில் காற்று அடித்துப் பாருங்கள்" என்ற நண்பருடையது. சூடாக இருக்கும்போது ஸ்டார்ட்டரால் சுழற்றியதில் ஆயில் அழுத்தம் 280 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) தான் வந்தது, இன்ஜெக்டர் திறக்கச் சுமார் 500 வேண்டும். அழுத்த சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக 100 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தினேன். பம்ப் பக்கமே சீறல் கேட்டது. இன்ஜெக்டர்கள் பக்கம் அமைதி. அதாவது கசிவு பம்ப் பக்கம்தான்.

பம்பைக் கழற்றிப் பிரித்தேன். பிஸ்டன்கள், அவற்றைத் தள்ளும் சாய்தட்டு எதிலும் கீறல் இல்லை. கோளாறு அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வின் ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்): கல் போல இறுகி, ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. குளிர்ந்த ஆயில் கெட்டி என்பதால் அந்தச் சந்தில் அதிகம் கசியவில்லை. சூடாகி இளகியதும் அழுத்தம் அத்தனையும் அங்கேயே போய்விட்டது. நான் செய்த மாற்றம், எல்லா ஓ-ரிங்குகளையும் வெப்பம் தாங்கும் வைட்டான் ரப்பரில் போட்டது மட்டுமே. பிஸ்டன் பகுதியில் எதையும் மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இல்லை.

எதிர்பாராத ஒன்று: மாட்டிய பின்பும் ஸ்டார்ட் ஆகவில்லை, பயந்தே போனேன். பம்புக்கு ஆயில் தரும் தொட்டி காலி! அதை நிரப்பி, இடைவெளி விட்டுச் சில தடவை சுழற்றியதும் காற்று வெளியேறி ஓடியது. மாட்டும்போதே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

இப்போது சூட்டிலும் 900 பி.எஸ்.ஐ. வருகிறது.