1098-டி வந்தாச்சு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை இரவு

கவிதா (டல்லாஸ்): அண்ணா, நிதினுக்குக் காலேஜிலிருந்து வரிக்கணக்குக்கான டியூஷன் படிவம் 1098-டி வந்திருக்கிறது. ஒன்றாம் பெட்டியில் 11,200. ஐந்தாம் பெட்டியில் 9,800. எங்கள் கையிலிருந்தும் 529 படிப்புச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் மட்டும் 13,000 டாலர் போயிருக்கிறதே, அது எதிலும் காணோமே?

சுந்தர் (ஹூஸ்டன்): ஹாஸ்டல் எவ்வளவு?

கவிதா: சாப்பாட்டோடு 11,600.

சுந்தர்: அதுதான் காணோம். ஒன்றாம் பெட்டியில் டியூஷனும் கட்டாயக் கட்டணங்களும் மட்டும்தான். ஹாஸ்டல், சாப்பாடு, ஹெல்த் இன்ஷூரன்ஸ் எதுவும் வராது. யார் கட்டிய பணமானாலும் சரி, ஸ்காலர்ஷிப்பும் அதற்குள்ளேயே இருக்கும். ஐந்தாம் பெட்டி அந்த ஸ்காலர்ஷிப்.

கவிதா: அப்போ ஸ்காலர்ஷிப் போக மீதி 1,400-க்குத்தான் வரி கிரெடிட்டா? போச்சு.

சுந்தர்: இரு, அவசரப்படாதே. நிதின், புத்தகம் எவ்வளவு ஆச்சு?

நிதின்: 600 மாமா. பாதி அமேசானில் வாங்கினேன். காலேஜ் கடையில்தான் வாங்க வேண்டுமா?

சுந்தர்: அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்டுக்கு எங்கே வாங்கினாலும் செல்லும். பாடத்துக்குத் தேவையானதாக இருக்க வேண்டும், ரசீது வேண்டும், அவ்வளவுதான். இது 1098-டி-யில் வராது, நாம்தான் சேர்க்க வேண்டும். ஆக 1,400-உம் 600-உம் சேர்ந்து 2,000.

மீனா அக்கா (திருச்சி): 🌸🙏 இனிய ஞாயிறு காலை வணக்கம்

மீனா அக்கா: என்ன, ராத்திரி நேரத்தில் ஒரே கணக்காக இருக்கிறது? இங்கே 80சி-யில் பிள்ளைகள் ஃபீஸ் காட்டுவோமே, அது மாதிரியா?

சுந்தர்: அது வருமானத்தில் கழிவது அக்கா. இது வரியிலேயே கழிவது. முதல் 2,000 டாலர் செலவுக்கு முழுசாக 2,000, அடுத்த 2,000-க்கு 25 சதவீதம். மொத்தம் 2,500. கட்ட வேண்டிய வரியே இல்லை என்றாலும் இதில் 1,000 வரை கையில் வரலாம். ஒரு பிள்ளைக்கு நான்கு வருடம்தான்.

கவிதா: நமக்கு 2,000-தானே இருக்கிறது.

சுந்தர்: இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். நிதின், ஸ்காலர்ஷிப் கடிதங்களை எடு. "டியூஷனுக்கு மட்டும்" என்று எதிலாவது இருக்கிறதா?

நிதின்: ஒன்றில் இருக்கிறது, 4,000. இன்னொன்று 5,800, அதில் அப்படி எதுவும் இல்லை.

சுந்தர்: அந்த 5,800-இல் 2,000-ஐ ஹாஸ்டலுக்குப் போனதாக நீ உன் கணக்கில் வருமானமாகக் காட்டு. அப்போது டியூஷனில் அந்த 2,000 அம்மா, அப்பா கட்டியதாக ஆகிவிடும். தகுதியுள்ள செலவு 4,000, கிரெடிட் 2,500.

கவிதா: அவன் வரி கட்ட வேண்டாமா?

சுந்தர்: கோடை வேலையில் என்ன வந்தது?

நிதின்: 3,000. வேறு எதுவும் இல்லை.

சுந்தர்: சேர்த்து 5,000. வரியில்லாமல் விடுகிற தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனிலேயே அடங்கிவிடும், வரி பூஜ்யம். மறந்துவிடாதே, அவன் காட்டாமல் நீ மட்டும் கிரெடிட் கேட்டால் அது தப்பு.

கவிதா: இது சட்டப்படி சரிதானா அண்ணா? ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதே.

சுந்தர்: வரித்துறையான ஐஆர்எஸ்-ஸின் 970-ஆம் வெளியீட்டிலேயே உதாரணத்தோடு போட்டிருக்கிறார்கள். படிக்கத்தான் ஆளில்லை 😄

சுந்தர்: 529-லிருந்து எவ்வளவு எடுத்தீர்கள்?

கவிதா: 5,000.

சுந்தர்: அதை ஹாஸ்டல் கணக்கிலேயே வை. ஒரே டாலரை இரண்டு இடத்தில் காட்டக் கூடாது. 5,000-மும் இந்த 2,000-மும் 11,600-க்குள் அடங்கும். உங்கள் இருவரின் வருமானம் 1,60,000-க்குள் இருக்கிறதா? அதற்கு மேல் போனால் கிரெடிட் குறைந்துகொண்டே வந்து 1,80,000-இல் நின்றுவிடும்.

கவிதா: உள்ளேதான்.

அருண் (ஆர்லிங்டன்): மாமா, எனக்கும் 1098-டி வந்திருக்கிறது. எம்எஸ்-க்கு வேறு ஏதோ கிரெடிட் உண்டு என்று ரூம்மேட் சொல்கிறான்.

சுந்தர்: லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட். 10,000 வரை செலவில் 20 சதவீதம், வருட வரம்பு கிடையாது. ஆனால் உனக்கு இல்லை தம்பி. எஃப்-1 மாணவர் விசாவில் வந்து எத்தனை வருடம்?

அருண்: இரண்டாவது வருடம்.

சுந்தர்: முதல் ஐந்து காலண்டர் வருடங்கள் வரிக்கணக்கில் பொதுவாக நான்ரெசிடென்ட். அதற்கான 1040-என்ஆர் படிவம் போட வேண்டும், அதில் இந்த கிரெடிட் எதுவும் கிடையாது. எல்லாரும் போடுகிற சாஃப்ட்வேரில் போட்டால் அது கேட்காமலே கொடுத்துவிடும். வாங்கிவிடாதே, பின்னால் விசா நேரத்தில் தலைவலி.

மீனா அக்கா: அருண், மாமா சொல்கிறபடி செய். ரூம்மேட் பேச்சைக் கேட்காதே.

அருண்: சரிம்மா 🙄

நிதின்: மாமா, நான் இன்னும் ஃபைல் பண்ணவில்லை. என்னை வேறொருவர் டிபென்டன்டாக, அதாவது தன்னைச் சார்ந்தவனாக, காட்டலாம் என்கிற இடத்தில் டிக் போட வேண்டுமா?

சுந்தர்: கண்டிப்பாக. இல்லாவிட்டால் அம்மாவின் ரிட்டர்ன் ஆன்லைனில் போகாமல் திரும்பி வரலாம். கவிதா, கிரெடிட் கேட்கும் 8863 படிவத்தில் காலேஜின் வரி அடையாள எண்ணான இஐஎன் கேட்கும், 1098-டி-யிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துப் போடு.

கவிதா: சரி அண்ணா. நாளைக்கு உட்கார்ந்து முடித்துவிடுகிறேன். நிதின், அந்த அமேசான் ரசீதுகளை இப்போதே அனுப்பு.